முப்பத்து மூன்று நிமிடம், இருபத்தேழு விநாடி

2004-ஆம் ஆண்டு மார்ச் 13, சனிக்கிழமை, காலை பதினொரு மணி பதினாறு நிமிடம். அமெரிக்காவின் பார்சிப்பனியில் வெளியே நாற்பத்தோரு டிகிரி, நம் ஊர்க் கணக்கில் ஐந்து. இரவெல்லாம் பெய்த மழை விட்டிருந்தது. கார் நிறுத்துமிடத்தின் ஓரத்தில் தள்ளி வைத்த பழைய பனிக்குவியல் கரி பூசியது போலக் கிடந்தது. அந்த நிமிடத்தில், இருபத்தாறு பேர் முன்னால், நான் "ஆயிரம்" என்று சொன்னேன்.

அது ஆயிரம் இல்லை. ஆயிரத்து ஒன்று.

அந்த ஒன்றைப் பற்றி எழுத வேண்டுமானால் டீச்சரைப் பற்றித்தான் எழுத வேண்டும். பெயர் வேண்டாம். எங்கள் குடியிருப்பில் பிள்ளைகள் அவரை டீச்சர் ஆன்ட்டி என்பார்கள், பெரியவர்கள் டீச்சர் என்போம். யாழ்ப்பாணத்துக்காரர். வயது ஐம்பத்தைந்துக்கு மேல் இருக்கும். ஐந்தடிக்கு ஓர் அங்குலம் குறைவு. பருத்திப் புடவை, அதன்மேல் யாரோ ஆண்பிள்ளையின் ஓவர்கோட்டு, காலில் விளையாட்டுச் சப்பாத்து. கைக்கடிகாரத்தின் முகம் மணிக்கட்டின் உட்பக்கம் இருக்கும். தனியாக இருந்தார். வார நாட்களில் ஒரு மருந்துக் கம்பெனியின் சோதனைக் கூடத்தில் தராசுகளைச் சரிபார்க்கிற வேலை. சனிக்கிழமை காலை எங்கள் குடியிருப்பின் பொதுக்கூடத்தில் ஒன்பது பிள்ளைகளுக்கு பௌதிகம். என் பேத்தி நித்யா அந்த ஒன்பதில் ஒருத்தி.

அவரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது முகம் இல்லை, ஒரு கேள்வி. யார் எந்த எண்ணைச் சொன்னாலும் தலையை லேசாகச் சாய்த்துக் கேட்பார்: "எங்க நிண்டு?"

முதல்முறை என்னிடம் அதைக் கேட்டது குளக்கரையில். நான் மகன் வீட்டுக்கு வந்து பதினேழாவது நாள். செய்வதற்கு ஒன்றும் இல்லாதவன் எண்ணுவான். நான் செய்வதற்கு இருந்தபோதும் எண்ணியவன். முப்பத்து நான்கு வருடம் மாநில அரசின் புள்ளிவிவர உத்தியோகம். கிராமம் கிராமமாகப் போய் மாடு எண்ணியிருக்கிறேன், பனைமரம் எண்ணியிருக்கிறேன், வறண்ட கிணறு எண்ணியிருக்கிறேன். மகன் வீட்டில் மாடிப்படி பதினான்கு, வாசலிலிருந்து தபால்பெட்டி நூற்றுப் பன்னிரண்டு அடி, குளத்தில் வாத்து நாற்பத்து மூன்று. அதை எதிரே வந்த டீச்சரிடம் சொன்னேன். தமிழ் முகமாகத் தெரிந்தது, ஏதாவது பேச வேண்டுமே.

"எங்க நிண்டு எண்ணினீங்கள்?"

"இங்கேதான்."

"அந்தப் பக்கம் வாங்கோ, ஐயா."

குளத்தைச் சுற்றி மறுகரைக்கு அழைத்துப் போனார். கோரைப்புல்லுக்குப் பின்னால் இன்னும் எட்டு வாத்துகள் தலையைச் சிறகில் செருகிக்கொண்டு தூங்கின. ஐம்பத்தொன்று. எனக்குக் கோபம் வந்தது. வீட்டுக்கு வரும் வழியில் அது குறைந்து, வாசலுக்கு வந்தபோது சந்தோஷமாகக்கூட இருந்தது. அமெரிக்காவில் என் எண்ணிக்கையை ஒரு பொருட்டாக எடுத்துக்கொண்ட முதல் ஆள் அவர்தான். மகனும் மருமகளும் "ஓ, அப்படியா" என்பதோடு சரி. என் மனைவி அதையும் சொல்லமாட்டாள்.

அதற்குப் பிறகு நானே அவரிடம் எண்களைக் கொண்டுபோனேன். பிப்ரவரியில் ஒரு நாள் என் எடை ஏறிவிட்டதாகக் குறைப்பட்டேன். சென்னையில் எழுபது, இங்கே வந்து எழுபத்திரண்டு. எப்படிப் பார்த்த எடை என்று கேட்டார். ஏறி நிற்கிற எந்திரம், உள்ளே ஸ்பிரிங் வைத்தது. இரண்டு ஊரிலும் அதே மாதிரி எந்திரம். டீச்சர் விரலால் காற்றில் ஏதோ போட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஐயா, அதில நூற்று நாற்பது கிராம் உங்கட பிழை இல்லை. இங்க பூமி கொஞ்சம் கூட இழுக்குது. மிச்சம் மருமகளின்ட சாப்பாடு."

அன்றைக்குத்தான் எனக்குப் பெரிய G, சின்ன g என்ற இரண்டு எழுத்துகளின் வித்தியாசம் தெரிந்தது, என் அறுபத்தெட்டாவது வயதில். நான் பள்ளியில் படித்தபோது g முப்பத்திரண்டு அடி. பிறகு 9.8 என்றார்கள். அணாவையும் பைசாவையும் மாற்றியது போல இதையும் மாற்றிவிட்டார்கள் என்று எண்ணியிருந்தேன். புத்தகத்தில் சில இடத்தில் பெரிய G வரும், சில இடத்தில் சின்ன g வரும். அச்சுக்கோப்பவரின் வசதி என்று விட்டுவிட்டேன்.

டீச்சர் சிரிக்கவில்லை. பெரிய G என்பது எந்த இரண்டு பொருளும் ஒன்றை ஒன்று இழுக்கிற கணக்கில் வருகிற எண், பூமியானாலும் சந்திரனானாலும் அதற்கப்பாலானாலும் மாறாது என்றார். சின்ன g வேறு. கையிலிருந்து ஒன்றை விட்டால் அது விழ விழ வேகம் எவ்வளவு கூடுகிறது என்கிற எண். அது பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் குறைவு, துருவத்துப் பக்கம் அதிகம், மலைமேல் ஏறினால் கொஞ்சம் குறையும். அவருடைய சோதனைக் கூடத்துக்குப் புதிய தராசு வந்தால், செய்த ஊரில் சரிபார்த்ததை நம்பாமல், வைத்த மேசையிலேயே திரும்பச் சரிபார்க்க வேண்டும். அவருடைய சம்பளமே அந்த வித்தியாசத்துக்குத்தான்.

"அப்ப, எல்லா இடத்திலேயும் மாறாம இருக்கிறது பெரிய G ஒண்ணுதானா?" என்றேன்.

"ஓம். ஆனா அது கனக்கச் சின்னன், ஐயா. அளக்கிறது பெரிய பாடு. எங்கயும் ஒண்டா இருக்கிறது லேசில கையில அகப்படாது."

ஆகவே அவர் கரும்பலகையில் பெரிய G-யைச் சும்மா எழுதுவார். சின்ன g-யை எழுதினால் அடியில் ஊர்ப் பெயர் போடாமல் விடமாட்டார். பிள்ளைகளும் அப்படித்தான் எழுத வேண்டும். இந்தப் பிடிவாதம்தான் வினை ஆனது.

அவரிடம் ஒரு நோட்டு இருந்தது. கெட்டி அட்டை, முதுகில் துணி ஒட்டியது. அவர் இருந்த ஒவ்வோர் ஊருக்கும் ஒரு பக்கம். ஒரு பித்தளைக் குண்டை ஒரு மீட்டர் எஃகுக் கம்பியில் தொங்கவிட்டு ஆட்டிவிடுவார். அது ஆயிரம் முறை போய்வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்தால் அந்த ஊரின் g கிடைத்துவிடும். யாழ்ப்பாணம், முப்பத்து மூன்று நிமிடம் இருபத்தொன்பது விநாடி. திருச்சி, அதே இருபத்தொன்பது. லண்டனில் தம்பி வீடு, இருபத்தாறு. ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு பெயர் இருக்கும்: எண்ணியவர், நேரம் பார்த்தவர். எண்ணுகிறவர் கடிகாரத்தைப் பார்க்கக்கூடாது, கடிகாரம் பார்க்கிறவர் எண்ணக்கூடாது. இரண்டையும் ஒருவரே செய்தால் மனம் தான் விரும்பிய இடத்தில் நிறுத்திவிடும் என்பார். பித்தளைக் குண்டு ஒரு கிலோவுக்கு மேல் இருக்கும். அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டு நான்கு விமான நிலையங்களில் பதில் சொல்லியிருக்கிறார். வெடிகுண்டு இல்லை என்று நிரூபிக்க ஒரு தரம் அங்கேயே நூலில் கட்டி ஆட்டிக் காட்டினாராம்.

நோட்டில் நான்காவது பக்கத்தின் தலைப்பு, பார்சிப்பனி. கீழே காலி. வந்து மூன்று வருடமாகியும் அது காலியாக இருந்தது. "எண்ண ஆள் இல்லை, ஐயா" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். அப்போதே, வாருங்கள் நான் எண்ணுகிறேன் என்று அவர் வீட்டுக்குப் போய் எண்ணியிருக்கலாம். யாரும் பார்க்காத இடத்தில் எண்ணியிருந்தால் நான் ஒன்று விட்டதை உடனே சொல்லியிருப்பேன். அப்படித்தான் நினைக்கிறேன்.

மார்ச் முதல் வாரம் டீச்சர் ஒரு பரீட்சை வைத்தார். முரளி என்று ஒருவர், பெரிய கம்பெனியில் டேட்டாபேஸ் பார்க்கிறவர், என் மகன் சுந்தருடன் ஒரே காரில் வேலைக்குப் போகிறவர். அவர் மகள் g = 9.8 என்று எழுதியிருந்தாள். டீச்சர் தவறு போட்டுவிட்டார். முரளி வகுப்பு முடிந்து கூட்டிப்போக வந்த இடத்திலேயே கேட்டார்.

"ஆன்ட்டி, தப்பா நினைக்காதீங்க. எல்லா புக்லயும் 9.8தான் இருக்கு. நீங்க எப்படி ராங் போடறீங்க?"

"எங்க எண்டு எழுதேல்லை."

"பூமியிலதான் ஆன்ட்டி. வேற எங்க?"

நின்றிருந்த பெற்றோர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். டீச்சர் சிரிப்பு அடங்கும்வரை பொறுத்துவிட்டு, புத்தகத்தில் இருப்பது சராசரி, சராசரியில் யாரும் குடியிருக்கவில்லை என்றார். ஸ்கூல் பரீட்சையில் ஊர்ப் பெயர் எழுதினால் மார்க் கிடைக்குமா என்று இன்னொருவர் கேட்டார். பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகச் சூடாகியது. முடிவில் டீச்சர் சொன்னார்: அடுத்த சனிக்கிழமை எல்லாரும் வாருங்கள், யாழ்ப்பாணத்துக்கும் பார்சிப்பனிக்கும் இரண்டு விநாடி வித்தியாசத்தைக் கண்ணால் காட்டுகிறேன். அந்த வித்தியாசம் வராவிட்டால் பிள்ளைகளை நீங்கள் வேறு இடத்துக்கு அனுப்பலாம், நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.

எண்ணுவதற்கு ஆள் வேண்டுமே என்றபோது சுந்தர் என் தோளைத் தொட்டான். "எங்கப்பா இருக்காரே. மூணு ஜில்லா மாடு எண்ணினவர். ஒண்ணுகூட விடமாட்டார்."

அவன் என்னைப் பற்றி நாலு பேர் முன்னால் அப்படிப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அந்த ஒரு வாரமும் நான் பழகினேன். சுவர்க்கடிகாரத்தின் ஊசலை எண்ணினேன், ஃப்ரீவேயில் போகிற வெள்ளைக் காரை எண்ணினேன். விரல் கணுக்களில் நூறுவரை, நூறு ஆனதும் வலது சட்டைப்பையிலிருந்து இடது பைக்கு ஒரு கொண்டைக்கடலை. பத்துக் கடலை மாறினால் ஆயிரம். மாடு எண்ணிய காலத்து வழி.

பதிமூன்றாம் தேதி டீச்சர் ஏழரை மணிக்கே வந்து கூடத்தில் ஜன்னல் சட்டத்துக்கு மேலே இரும்புக் கொக்கி இறுக்கியிருந்தார். குண்டின் நடுவில் சுற்றிலும் ஒரு கோடு கீறியிருந்தது. கொக்கியிலிருந்து அந்தக் கோடுவரை ஒரு மீட்டர். அதை மூன்று தரம் அளந்தார். என்னைக் குண்டுக்கு நேராக ஒரு நாற்காலியில் உட்காரவைத்தார். அவர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிறுத்தற்கடிகாரத்துடன் சுவரைப் பார்த்து நின்றார். நான் "விடுங்கள்" என்றதும் முரளியே குண்டை விட்டார்.

ஓர் ஊசலை அரை மணி நேரம் பார்ப்பது பெரியவர்களால் முடியாது. நூறுக்குள் பெற்றோர் ஓரங்களில் பேச ஆரம்பித்தார்கள். இருநூறில் இரண்டு பேர் போன் பேச வெளியே போனார்கள். நானூறில் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்தார்கள். நான் மட்டும் குண்டுடன் இருந்தேன். அது வந்தது, போனது, வந்தது. பல வருடத்துக்குப் பிறகு ஒரு வேலை செய்கிறேன் என்று தோன்றியது.

கூடத்தில் தேநீர் கொடுத்துக்கொண்டிருந்தாள் என் மனைவி. ஆறு கடலை மாறியிருந்தது. ஏழாவது நூறில் முப்பத்தேழு. அவள் காகிதக் கோப்பையை நீட்டினாள். நான் எண்ணிக்கொண்டிருந்த கையாலேயே அதை வாங்கினேன். கட்டைவிரல் கணுவை விட்டது. கோப்பை சுட்டது. திரும்பப் பார்த்தபோது குண்டு என்னை நோக்கி வந்துகொண்டிருந்தது. இது முப்பத்தெட்டா, முப்பத்தெட்டு வந்து போய்விட்டதா?

தெரியவில்லை. முப்பத்தெட்டு என்றே வைத்துக்கொண்டேன். மீதி முந்நூற்று அறுபத்திரண்டையும் ஒன்றுகூடத் தவறாமல் எண்ணினேன். தவறியதை நினைத்துக்கொண்டே, தவறாமல் எண்ணினேன். கடைசியில் குண்டின் ஆட்டம் இரண்டு விரல் அகலத்துக்குச் சுருங்கிவிட்டது. "ஆயிரம்" என்றேன்.

டீச்சர் கடிகாரத்தை அழுத்தித் திருப்பிப் பார்த்தார். முப்பத்து மூன்று நிமிடம், இருபத்தொன்பது விநாடி.

யாழ்ப்பாணத்து எண். அச்சாக அதே எண்.

அவர் பலகைக்குப் போகவில்லை. என் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் கேட்டார். "ஐயா, ஒண்டும் தவறேல்லைத்தானே?"

அவருக்குப் பின்னால் சுந்தர் நின்றான், கையைக் கட்டிக்கொண்டு, முகத்தில் சிரிப்போடு. நான் உரக்கவே சொன்னேன். "என் கணக்கு தவறாது."

எங்கே நின்று சொல்கிறீர்கள் என்று அவர் அப்போது கேட்கவில்லை. அவருக்கே தெரிந்திருக்கும்.

பலகையில் எழுதினார்: g = 9.78, அடியில் பார்சிப்பனி. வரக்கூடாத எண் என்று அவருக்குத் தெரியும். வந்தது அதுதான், ஆகவே அதை எழுதினார். முரளி கெட்டவர் இல்லை. மெதுவாகத்தான் சொன்னார். "ரெண்டு ஊர்லயும் ட்வென்டி நைன். அப்போ கான்ஸ்டன்ட்தானே ஆன்ட்டி? பாவம், எதுக்கு இவ்ளோ கஷ்டப்பட்டீங்க." எல்லாரும் கொக்கியைக் கழற்ற உதவி செய்தார்கள். சுந்தர் வீட்டுக்கு வரும் வழியில், அப்பா ஸ்டெடியா உட்கார்ந்திருந்ததை யாராவது போட்டோ எடுத்திருக்கலாம் என்றான்.

அன்று மாலையே நான் கூட்டிக் கழித்துப் பார்த்தேன். ஓர் ஊசலுக்கு இரண்டு விநாடி. நான் ஒன்றை விட்டிருந்தால் குண்டு ஆடியது ஆயிரத்து ஒன்று. அதில் இரண்டு விநாடியைக் கழித்தால் இருபத்தேழு. அவர் காட்டுகிறேன் என்று சொன்ன அதே இருபத்தேழு. யாழ்ப்பாணத்துக்கும் பார்சிப்பனிக்கும் நடுவில் இருப்பது ஆயிரத்தில் ஓர் ஊசல். அந்த ஒன்றைத்தான் நான் தேநீரோடு விழுங்கியிருந்தேன்.

போன் எண் இருந்தது. அவர் வீடு என் வீட்டிலிருந்து எழுநூற்று நாற்பது அடி. மறுநாள் சொல்லலாம் என்று இருந்தேன். மறுநாள் மழை.

ஒன்பது பிள்ளைகள் அடுத்த வாரம் ஆறாயின. ஏப்ரலில் மூன்று. ஹைவே ஓரத்தில் ஒரு ட்யூஷன் சென்டர் திறந்திருந்தார்கள், அங்கே 9.8 போட்டால் மார்க் கொடுத்தார்கள். நித்யாவும் அங்கே போனாள். போகவேண்டாம் என்று நான் சொல்லியிருக்கலாம். காரணம் கேட்பார்கள். மே மாதம் பொதுக்கூடத்தின் சனிக்கிழமைப் பலகையில் யோகா என்று எழுதியிருந்தது. குளக்கரையில் டீச்சரைத் தூரத்தில் பார்த்தால் நான் மறுபக்கம் சுற்றினேன். அந்தப் பக்கத்திலிருந்து வாத்துகள் முழுதும் தெரியும் என்பதுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டது.

ஜூன் 5-ஆம் தேதி, சனிக்கிழமை, மாலை நான்கு மணிக்கு அவரே எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு டப்பாவில் பயத்தம்பணியாரம், இன்னொரு கையில் அந்த நோட்டு. என் மனைவி காப்பி போட உள்ளே போனாள். டீச்சர் நோட்டைத் திறந்து யாழ்ப்பாணத்துப் பக்கத்தை என் முன்னால் வைத்தார். எண்ணியவர் என்ற இடத்தில் ஒரு பெண் பெயர், பள்ளிக்கூடத்துக் குண்டு எழுத்தில்.

"என்ட மாணவி. பதினெட்டு வருஷத்துக்கு முந்தி. அடுத்த வருஷம் அந்தப் பிள்ளை இல்லை" என்றார். எப்படி இல்லாமல் போனாள் என்று அவர் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.

பிறகு, வகுப்பில் விளக்குகிற அதே நிதானத்தோடு சொன்னார். "ஐயா எண்ணினது சரியெண்டால், கம்பியின்ட நீளம் பிழை. நீளம் பிழையெண்டால் நான் குண்டில கீறின கோடு நடுவில இல்லை. அதே கோட்டை வச்சுத்தான் அங்கயும் அளந்தன். திருச்சியிலயும் லண்டனிலயும் எண்ணினது நான், விடை தெரிஞ்சு எண்ணினது, அது சாட்சி இல்லை. அப்ப யாழ்ப்பாணத்தில சரியான விடை வந்ததுக்கு ஒரே ஒரு காரணம்தான். இந்தப் பிள்ளை ஒண்டு பிழையா எண்ணியிருக்கிறா."

நான் எங்கள் வீட்டுச் சுவர்க்கடிகாரத்தின் ஊசலை இருபத்திரண்டுவரை எண்ணினேன்.

"அவ பிழை விடுற பிள்ளை இல்லை" என்றார். "அதுதான் கேக்கிறன். இன்னொருக்கா எண்ணித் தருவீங்களோ? எங்கட வீட்டில, நாங்கள் மட்டும். நானே எண்ணினால் அவவுக்காக எண்ணிப்போடுவன்."

என் வாழ்க்கையில் எனக்கு இவ்வளவு சுலபமான வழியை யாரும் திறந்துவிட்டதில்லை. ஒப்புக்கொள்ளக்கூட வேண்டாம், போய் எண்ணினால் போதும். இருபத்தேழு வந்துவிடும். வந்தால், மார்ச் மாதம் நான் ஒன்று விட்டேன் என்பதும், விட்டுவிட்டு இல்லை என்றேன் என்பதும் வந்துவிடும். அது இந்த வீட்டுக்கு வரும், சுந்தர் காதுக்கு வரும்.

முட்டிவலி என்றேன். நேராக அவ்வளவு நேரம் உட்கார முடிவதில்லை என்றேன். அதோடு விட்டிருக்கலாம். "என் கணக்கிலே உங்களுக்குச் சந்தேகமா, டீச்சர்?" என்றும் கேட்டுவிட்டேன்.

"சந்தேகம் இல்லை, ஐயா. நீங்கள் அண்டைக்குச் சொன்னது போதும்."

கைப்பையிலிருந்து பென்சிலை எடுத்தார். அந்தப் பெண்ணின் பெயருக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு கேள்விக்குறி போட்டார். மையால் போடவில்லை, அழுத்தியும் போடவில்லை. நோட்டை மூடி, வந்த காப்பியைக் குடித்து, டப்பாவைத் திருப்பித் தர அவசரமில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். ஆகஸ்டில் டெக்சாஸில் காப்பெல் என்ற ஊரில் இருக்கிற அக்கா வீட்டுக்கே போய்விட்டார் என்று முரளி சொல்லித் தெரிந்தது. டப்பா இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. மனைவி அதில் கொண்டைக்கடலை போட்டு வைத்திருக்கிறாள்.

ஐந்து வருடம் நான் இதைப் பற்றி யாரிடமும் பேசவில்லை. நடுவில் எங்களுக்கு கிரீன் கார்டு வந்தது, எனக்குக் கண் ஆபரேஷன் ஆயிற்று. எண்ணுவது குறைந்தது. எதை எண்ண ஆரம்பித்தாலும் அறுநூற்று முப்பத்தேழில் பயம் வந்தது.

2009 மே மாதக் கடைசியில் நித்யா காலேஜிலிருந்து விடுமுறைக்கு வந்தாள். சாப்பாட்டு மேசையில், ஏதோ பேச்சில், தன் லேபில் ஊசல் வைத்து g கண்டுபிடித்ததைச் சொன்னாள். ஆங்கிலத்தில்தான் சொன்னாள். எனக்குப் புரிந்தது இது: 9.80 வந்ததாம், புரொபசர் ஊர்ப் பெயர் எழுதச் சொன்னாராம். "அந்த ஆன்ட்டி சொன்னது கரெக்ட், தாத்தா" என்பதை மட்டும் எனக்காகத் தமிழில் சொன்னாள். சுந்தர் "எந்த ஆன்ட்டி?" என்றான்.

ஜூன் 13-ஆம் தேதி, மகனும் மருமகளும் வெளியே போயிருந்த நேரத்தில், கராஜில் கொக்கி மாட்டினேன். எஃகுக் கம்பி, ஈயக்குண்டு, ஒரு மீட்டர், சுந்தரின் டேப்பால் மூன்று தரம் அளந்தது. நிறுத்தற்கடிகாரத்தை மனைவியிடம் கொடுத்து, சுவரைப் பார்த்து நிற்கச் சொன்னேன். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டாள், அவ்வளவுதான். டப்பாவிலிருந்து பத்துக் கொண்டைக்கடலை எடுத்தேன். இந்தத் தடவை ஒருவரும் தேநீர் கொடுக்கவில்லை. முட்டி வலித்தது, நிஜமாகவே.

ஆயிரம் என்றேன். அவள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கடிகாரத்தைப் படித்தாள். முப்பத்து மூன்று நிமிடம், இருபத்தேழு விநாடி.

நான் ஈயக்குண்டைக் கையால் பிடித்து நிறுத்தினேன்.

"அன்னைக்கே தெரியும்" என்றாள். "கோப்பையை வாங்கறப்போ உங்க விரல் நின்னுபோச்சு."

"தெரிஞ்சுமா சொல்லலை?"

"நீங்க சொல்லுவீங்கன்னு பார்த்தேன்."

அன்று மாலையே கடிதம் எழுதினேன். நீளமாக ஆரம்பித்து நான்கு தாள் கிழித்தபின் மிஞ்சியது இவ்வளவுதான்: "டீச்சர், அன்று 637-க்குப் பிறகு ஒன்று விட்டேன். விட்டது தெரிந்தே இல்லை என்றேன், இரண்டு முறை. உங்கள் கோடு நடுவில்தான் இருக்கிறது. அந்தப் பிள்ளை சரியாகத்தான் எண்ணியிருக்கிறாள். கேள்விக்குறியை அழித்துவிடுங்கள். இன்று எண்ணியவர் நான், நேரம் பார்த்தவர் என் மனைவி. நின்ற இடம் பார்சிப்பனி." காப்பெல் முகவரியை முரளியிடம் வாங்கினேன். எதற்கு அங்கிள் என்று கேட்டார். அதையும் சொன்னேன். சுந்தரிடம் நானே சொன்னேன். "விடுங்கப்பா, எப்பவோ நடந்தது" என்றான். நான் எதிர்பார்த்து ஐந்து வருடம் நடுங்கியது இந்த ஒரு வரிக்குத்தான்.

பத்தொன்பதாம் நாள் கடிதம் திரும்பி வந்தது. பிரிக்கப்படவில்லை. மேலே மஞ்சள் ஒட்டுத்தாளில், இந்த முகவரியில் அப்படி யாரும் இல்லை, மாற்று முகவரியும் இல்லை என்று அச்சடித்திருந்தது. முரளி இரண்டு இடத்தில் விசாரித்தார். அக்கா குடும்பம் வீட்டை விற்றுவிட்டுப் போயிருக்கிறது, கனடா என்று ஒருவரும் ஆஸ்திரேலியா என்று ஒருவரும் சொன்னார்கள். டீச்சர் எங்கே நிற்கிறார் என்று தெரியவில்லை. எங்கே நின்றாலும் புதிய பக்கத்துக்கு ஒரு தலைப்பு எழுதி, எண்ண ஆள் தேடிக்கொண்டிருப்பார். முதல் பக்கத்தில் ஒரு பிள்ளையின் பெயருக்குப் பக்கத்தில் என் கேள்விக்குறி இருக்கும்.

எஃகுக் கம்பி ஒரு டாலர் தொண்ணூற்று ஒன்பது. மீன்பிடிக்கிறவர்கள் கட்டுகிற ஈயக்குண்டு இரண்டு டாலர் இருபத்தொன்பது. நிறுத்தற்கடிகாரம் எட்டு டாலர் தொண்ணூற்று ஒன்பது. மூன்றுக்கும் வரி தொண்ணூற்று மூன்று சென்ட். தபால்தலை நாற்பத்து நான்கு சென்ட். நான்கு தரம் கூட்டிப் பார்த்துவிட்டேன். மொத்தம் பதினான்கு டாலர் அறுபத்து நான்கு சென்ட்.